ஏணி போடுகிற நெல்லா

வெள்ளைக் கால்சட்டையைக் கொடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, மடிப்பு கலையாமல் ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கூடையைத் துழாவினார் வெண்டெல். கூடையில் ஒன்பது மரக் கிளிப்புகள் இருந்தன. இருக்க வேண்டியது பன்னிரண்டு.

"நெல்லா, மூணு குறையுது."

ஹீட்டருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "அதுங்க வேலையா இருக்கு."

அந்த வீட்டில் துணி வெண்டெலின் இலாகா. தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அவருடைய மனைவி நெல்லா, தான் வேலை பார்த்த பள்ளிக்கூடச் சமையலறையின் சிவப்பு ஏப்ரனை அவருடைய வெள்ளைக் கால்சட்டையோடு சேர்த்து இயந்திரத்தில் போட்டாள். கால்சட்டை ஸ்ட்ராபெரி பால் நிறத்தில் வெளியே வந்தது. அன்றிலிருந்து துவைப்பது, காயப்போடுவது, இஸ்திரி போடுவது எல்லாம் அவர்தான். சனிக்கிழமை காலையில் டெட்ராய்ட் மேற்குப் பக்கத்து அந்தச் செங்கல் வீட்டின் பேஸ்மென்டில் துண்டுகளும் போர்வைகளும் டிரையருக்குள் உருளும். ஞாயிறு மதியம் ஸ்கேட்டிங்குக்குப் போட்டுப்போகிற வெள்ளைக் கால்சட்டை மட்டும் டிரையருக்குள் போகாது. கொடியில்தான் காயும், நான்கு கிளிப் போட்டு. கிளிப்புகளை அவர் எண்ணி வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. அவை ஒவ்வொன்றாக ஹீட்டருக்குப் பின்னால் போய்விடுகின்றன.

ஹீட்டருக்குப் பின்னால், பழைய தையல் மேஜையின் மேல், நெல்லாவின் சிந்தசைசர், கட்டை வைத்த மின்சார வாத்தியம், இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சர்ச்சிலிருந்து வாங்கியது. அங்கே போதகருக்கு அதன் சத்தம் பிடிக்கவில்லை, சாத்தான் டெலிபோன் பண்ணுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி விற்றுவிட்டார்கள். நெல்லாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்த டெலிபோனை எடுத்தவள் இன்னும் கீழே வைக்கவில்லை. கட்டைகளில் ஒன்று உடைந்துபோனதற்குப் பதிலாக, பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட வெள்ளைக் காய்வெட்டும் பலகையிலிருந்து அறுத்து ஒன்று செய்து ஒட்டியிருக்கிறாள். கொஞ்சம் தடிமன். விரல் தானாகவே அதைத் தெரிந்துகொள்ளும்.

அவள் பாட்டு வாசிப்பதில்லை. அவள் வாசிப்பது ஒன்றே ஒன்றுதான். மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால், அந்த இயந்திரம் மூன்று சுரங்களையும் பிரித்து, ஒன்றன் பின் ஒன்றாக மேலே ஏறி, கீழே இறங்கி, திரும்ப ஏறி, கையை எடுக்கும் வரை ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்கும். இசை படித்தவர்கள் ஆர்பெஜியோ என்பார்கள். நெல்லா ஏணி என்பாள். "ஒரு ஏணி போட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினால் இரண்டு மணி நேரம் ஆகும்.

கையை எடுத்தாலும் ஏணி நிற்காமல் ஓடுவதற்கு அதில் ஒரு பொத்தான் இருந்தது. தொண்ணூற்றெட்டில் அது செத்துப்போயிற்று. அதற்குத்தான் கிளிப்புகள். கட்டையை அழுத்தி, அதற்கும் பக்கத்துக் கட்டைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் கிளிப்பின் வாலைச் சொருகிவிட்டால் கட்டை மேலே எழும்பாது. இரண்டு கையும் சும்மா இருக்கும். அப்போது அவள் திருகுகளைத் திருப்ப ஆரம்பிப்பாள். ஏணி முதலில் போர்வைக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி மங்கலாகக் கேட்கும். திருகைத் திருப்பத் திருப்பக் கூர்மையாகி, கண்ணாடித் தம்ளரைத் தட்டுகிற மாதிரி ஆகும். இந்த மங்கலிலிருந்து கூர்மைக்குப் போவதற்கு அவள் எடுத்துக்கொள்கிற நேரம்தான் அவளுடைய கலை. அவசரப்பட மாட்டாள். நானூறு பிள்ளைகளுக்கு இருபத்தேழு வருஷம் சாஸ் கிளறிய கை.

உட்காருமுன் தலைக்கு வலை மாட்டிக்கொள்வாள், சமையலறையில் மாட்டுகிற அதே வலை. ஓய்வு பெற்று ஒன்பது மாதம் ஆகிறது, வீட்டில் முட்டைகூட உடைப்பதில்லை, ஆனால் வலை இல்லாமல் இயந்திரத்தைத் தொட மாட்டாள். "முடி விழுந்துடும்" என்பாள். எதில் விழும் என்று வெண்டெல் கேட்டிருக்கிறார். இயந்திரத்தைப் போட்டதும் முட்டை வேகவைக்கும் கடிகாரத்தை அரை மணிக்குத் திருகி வைப்பாள், அது சூடேறிச் சுருதிக்கு வரும்வரை தொடக்கூடாது என்பதற்காக. போட்ட ஏணிகளுக்கெல்லாம் அன்றைய மதியச் சாப்பாட்டின் பெயர். 'புதன் மீட்லோஃப்', 'சதுர பீட்ஸா', 'மிச்ச வான்கோழி.' பெயர் யோசிக்கிற நேரத்தில் இன்னொன்று போட்டுவிடலாம் என்பது அவள் கட்சி.

முப்பத்தொன்பது வருஷம் இவை எல்லாவற்றையும் ஒரு டேப்ரிக்கார்டரில் பதிந்து, காலணி டப்பாக்களில் போட்டு வைத்தாள். யாருக்கும் கேட்கக் கொடுத்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று சமையலறைப் பெண்கள் சேர்ந்து ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தார்கள். அதில் இசை பதிகிற மென்பொருள் இருந்தது. அந்த மென்பொருளில் டிரம் இருந்தது. நெல்லாவின் ஏணிக்குக் கீழே முதன்முதலாக ஒரு டிரம் நடக்க ஆரம்பித்தது. நாலு மாதம் அதே ஒன்றைப் போட்டுப் போட்டுத் திருத்தினாள். அதற்குப் பெயர் 'இரண்டாவது தட்டு.' பிள்ளைகள் இரண்டாவது முறை வந்து கேட்டால், அன்றைய சமையல் தேறியது என்று அர்த்தம்.

போன புதன்கிழமை, வெண்டெலிடம் சொல்லாமல், அதை அவள் கீனனுக்கு அனுப்பிவிட்டாள்.

கீனன் ஃபென்கெல் சாலை ரோலர் ஸ்கேட்டிங் கூடத்தில் ஞாயிறு மதியம் பாட்டுப் போடுகிறவன். நாற்பது வயது, நல்ல காது. பெரியவர்களுக்கான அந்த மூன்று மணி நேரத்தில் மரத்தளத்தில் நூற்றைம்பது பேர் சுற்றுவார்கள். அவர்களில் யாரும் இசையை வாயால் விமர்சிப்பதில்லை. பிடித்தால் சுற்றுவார்கள், பிடிக்காவிட்டால் ஓரத்துக்குப் போய்விடுவார்கள். அவர்களில் வெண்டெல் கேஸ்கின்ஸ் தனி. அறுபத்து மூன்று வயதில் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே தொப்பியை எடுத்து வணக்கம் சொல்வார். அவருக்கு ஒரு பாட்டு பிடிக்காவிட்டால் நேரே பெஞ்சுக்கு வந்து, உட்கார்ந்து, குனிந்து, ஸ்கேட் ஷூவின் லேஸைக் கட்டுவார். லேஸ் அவிழ்ந்திருக்காது. நன்றாக இருக்கும் லேஸை அவிழ்த்து, திரும்பக் கட்டுவார். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்து உட்காருவார்கள். அப்புறம் கீனன் பாட்டை மாற்றியாக வேண்டும். மாற்றுவான்.

சொந்தக்காரன் என்று தாட்சண்யம் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய தங்கை மகன் டிராய் தானே செய்த பாட்டைக் கொண்டுவந்தான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, வெண்டெல் குனிந்துவிட்டார். அந்த வருஷம் நன்றி நாள் விருந்துக்கு டிராய் வரவில்லை. "நான் என்ன பண்றது" என்றார் வெண்டெல், வான்கோழியை அறுத்துக்கொண்டே. "மனசு ஆடுன்னு சொல்லுது. காலு கேக்க மாட்டேங்குது."

நெல்லா ஸ்கேட்டிங் ஆடுவதில்லை, முழங்கால் சரியில்லை. ஓரத்தில் உட்கார்ந்து சீஸ் ஊற்றிய சிப்ஸ் தின்றுகொண்டு கால்களைப் பார்ப்பாள். பெரும்பாலும் ஒரே ஒரு ஜோடிக் கால்களை. அவர் நல்ல உற்சாகத்தில் இருக்கும்போது ஒரு நிமிஷத்துக்கு ஐம்பத்திரண்டு தடவை தரையை உந்துகிறார் என்று முட்டைக் கடிகாரத்தை மடியில் வைத்து எண்ணியிருக்கிறாள். 'இரண்டாவது தட்டு' ஓடும் வேகம் அதுதான். இயந்திரத்தின் வேகத் திருகில் அந்த இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு. அது என்ன பொட்டு என்று அவர் கேட்டபோது, கறை என்று சொல்லிவிட்டாள்.

கீனன் இந்த ஞாயிறு போடுவதாகச் சொல்லியிருந்தான். யார் செய்தது என்று வெண்டெலுக்குத் தெரியாமல். நெல்லா பெஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். திட்டம் அவ்வளவுதான்.

சனிக்கிழமை பத்தரைக்கு, வெண்டெல் மூன்று கிளிப்பைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, போன் அடித்தது. நெல்லாவின் கையில் எண்ணெய் துடைக்கிற துணி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். அது முதல் தவறு.

"மிஸ் நெல்லா, ஒண்ணு கேக்கலாமா? கோச்சுக்கக் கூடாது."

"கேளு கீனன்."

"யாராவது இறந்துட்டாங்களா?"

"என்னது?"

"இல்ல, நீங்க அனுப்பினதப் போட்டுப் பாத்தேன். டிரம் நல்லாருக்கு. நல்லாவே நடக்குது. அதுக்கு மேல ஒரு ஆர்கன் வச்சிருக்கீங்களே, அதுதான் யோசிக்கிறேன். இருங்க, போடறேன்."

போனிலிருந்து டிரம் கிளம்பியது. துள்ளலாகத்தான் கிளம்பியது. அதன் மேல் மூன்று சுரங்கள் ஒன்றாக எழுந்து, எழுந்த இடத்திலேயே நின்றன. நின்றுகொண்டே இருந்தன. அரை நிமிஷம் கழித்து ஒன்று மட்டும் பக்கத்துக்கு நகர்ந்து, அங்கே நின்றது. ஏறவில்லை, இறங்கவில்லை.

கொடியின் பக்கத்திலிருந்து வெண்டெல் மெதுவாகத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "யாரோ நல்ல மனுஷன்" என்றார்.

நெல்லா அவரைப் பார்க்கவில்லை. மேஜைக்குப் பின்னால் குனிந்து வயர்களைப் பார்த்தாள். இயந்திரத்திலிருந்து கணினிக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு வயர் போகிறது. எந்தக் கட்டையை எப்போது அழுத்தினாள், எப்போது விட்டாள் என்கிற கணக்கை மட்டும் கொண்டுபோகிற வயர் அது. சத்தத்தைக் கொண்டுபோகிற கறுப்பு வயர் சுருட்டியபடி ஆணியில் தொங்கியது. நாலு மாதமாக அங்கேதான் தொங்குகிறது. கணினி எழுதிவைத்தது அவள் அழுத்திய மூன்று கட்டைகளை மட்டும். ஏணி போட்டது இயந்திரம். வீட்டில் திரும்பக் கேட்கும்போதெல்லாம் கணினி இந்த மூன்று கட்டை என்று சொல்லும், பக்கத்திலிருக்கும் இயந்திரம் உடனே ஏணி போட்டுவிடும், ஒரு குறையும் தெரியாது. கீனனிடம் இயந்திரம் இல்லை. அங்கே போன மூன்று கட்டைகளும், மென்பொருள் தன் பாட்டுக்குக் கொடுத்த ஆர்கன் குரலில், கைகட்டி நின்றுவிட்டன. டேப்ரிக்கார்டரில் இந்தப் பிசகு வராது. அது கேட்டதைப் பிடித்துக்கொள்கிற ஜாதி.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கீனன், சமைச்சத அனுப்பறேன்னு நெனச்சு, சமையல் குறிப்ப அனுப்பிட்டேன். நீ பேப்பரத் தின்னிருக்க."

"உப்பு இல்லன்னு அப்பவே நெனச்சேன் மிஸ் நெல்லா."

"சத்தமாவே பதிஞ்சு அனுப்பறேன். எப்ப வேணும்?"

"பன்னெண்டுக்குள்ள வேணுமே. டொலீடோல மாமியார் வீடு. அங்கேந்து நாளைக்கு நேரே கூடத்துக்குத்தான் வருவேன். நாளைக்குப் போடறதெல்லாம் இப்பவே ஏத்திட்டுக் கிளம்பணும்."

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு வெண்டெல் அங்கே நிற்பது நினைவுக்கு வந்தது. அவர் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் போடறதா?" என்றார்.

"ஆமா."

"கூடத்துலயா?"

"பின்ன மாமியார் வீட்லயா."

அவர் மனதில் ஓடியது நெல்லாவுக்குத் தெரிந்தது. வான்கோழி ஓடியது, டிராய் ஓடினான். ஹீட்டருக்கு அந்தப் பக்கமிருந்து இத்தனை வருஷம் கேட்டதெல்லாம் துண்டு துண்டாக, ஒரே ஏணி, அதே மூன்று படி. பிடிக்குமா என்று அவருக்கே தெரியாது.

"நெல்லா, என் காலப் பத்தி உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா, நாளைக்கு முதுகுவலின்னு வீட்லயே இருந்திருப்பேன்."

"அதனாலதான் சொல்லல" என்றாள் அவள். "இப்ப டிரையர நிறுத்து."

டிரையர் ஓடினால் பேஸ்மென்ட் சூடாகும். சூடானால் பழைய இயந்திரத்தின் சுருதி மேலே போகும், ஏணியின் வேகமும் நகப்பூச்சுப் பொட்டை விட்டு நழுவும். டிரம் ஒரு பக்கம், ஏணி ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

"துண்டெல்லாம் பாதி ஈரம்."

"மிஸ்டர் கேஸ்கின்ஸ், நீங்க ஒரு நாள் ஈரத் துண்டால தொடச்சுக்கிட்டா செத்துடமாட்டீங்க."

அவள் 'நீங்க' போட்டால் மேலே பேசுவதில் பிரயோஜனம் இல்லை. முப்பத்தாறு வருஷத்தில் அவர் கற்றது அது. டிரையரை நிறுத்தினார். அவள் வலையை இழுத்துவிட்டுக்கொண்டு, கறுப்பு வயரை ஆணியிலிருந்து எடுத்துச் சொருகி, டிரம்மை ஓடவிட்டு, மூன்று கட்டைகளில் மூன்று கிளிப்பை வைத்தாள். இனி கணினியை நம்பி ஒரு கட்டையைக்கூட விடுவதாக இல்லை. ஆனால் அதில், இதுவரை கணினி பார்த்துக்கொண்ட ஒரு சங்கடம் இருந்தது. அரை நிமிஷத்துக்கு ஒரு முறை, ஒரு கிளிப் ஒரு கட்டையிலிருந்து பக்கத்துக் கட்டைக்கு மாற வேண்டும். அப்போது ஏணியின் ஒரு படி மட்டும் மாறும், மற்ற இரண்டும் அப்படியே இருக்கும். அந்த நேரத்தில் அவளுடைய இரண்டு கையும் திருகுகளில் இருந்தாக வேண்டும்.

"இங்க வா" என்றாள்.

"நானா?"

"வேற யாரு, கொடியில தொங்குதே, அந்தப் பேண்ட்டா?"

வெண்டெல் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எந்தக் கிளிப், எங்கேயிருந்து எங்கே என்று அவள் காட்டினாள். மறந்துபோகாமலிருக்கக் கட்டைகளின் மேல் சின்னச் சின்னதாகக் காகித நாடா ஒட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு வரை எழுதினாள். பள்ளிக்கூடத்தில் பழைய பால் எது, புதிய பால் எது என்று ஒட்டுகிற அதே நாடா. "நான் தலைய ஆட்டும்போது மாத்து. முன்னாடியும் வேண்டாம், பின்னாடியும் வேண்டாம்."

"சரி" என்று கிசுகிசுத்தார் வெண்டெல்.

"ஏன் மெதுவாப் பேசற?"

"பதியுதில்ல?"

"வயர் வழியா மெஷின் சத்தம் மட்டும்தான் போவும். நீ கத்தினாலும் அதுக்குக் கேக்காது."

"சரி" என்று அதே கிசுகிசுப்பில் சொன்னார். கடைசி வரை அப்படித்தான் பேசினார்.

முதல் தடவை ஒன்றரை நிமிஷம் நன்றாகப் போயிற்று. மூன்றாவது மாற்றத்தில் கிளிப்பின் வில் விடுபட்டு, அது இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி ஹீட்டரில் பட்டுத் தெறித்தது. ஏணி ஒரு படி இல்லாமல் நொண்டியது.

"பத்து வருஷத்து கிளிப்பு" என்றார் வெண்டெல், துக்கத்தோடு. கூடையிலும் கொடியிலும் இருந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, கெட்டியாக இருந்த ஒன்றைக் கால்சட்டையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தார். கால்சட்டை ஒரு பக்கம் சரிந்தது. அதைப் பார்த்துவிட்டும் மேஜைக்குத் திரும்பினார்.

இரண்டாவது தடவை நாலு நிமிஷம் வரை போயிற்று. அப்போது மேலே இருந்த பல்பு ஒரு கணம் மங்கியது. ஏணி முழுவதும், மூன்று படியும் சேர்ந்து, அரைக்கால் சுரம் கீழே இறங்கித் திரும்ப ஏறியது. நெல்லா திருகிலிருந்து கையை எடுத்தாள். வீட்டின் வயரிங் நாற்பத்தெட்டாம் வருஷத்து வயரிங். பேஸ்மென்டில் ஏதோ ஒன்று மின்சாரத்தை உறிஞ்சியிருக்கிறது.

"இஸ்திரிப் பெட்டி" என்றார் வெண்டெல், தரையைப் பார்த்துக்கொண்டு.

"போட்டு வச்சிருக்கியா?"

"கால்சட்டைக்கு. சூடாகட்டும்னு."

"நானூறு புள்ளைங்க, வெண்டெல். இருபத்தேழு வருஷம். ஒருத்தன்கூட என் அடுப்பப் போட்டுட்டுப் போனதில்ல."

"அவங்கள யாரும் உன் அடுப்பு பக்கம் விட்டதில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலைக்குள் விரலை விட்டுத் தலையைச் சொறிந்துகொண்டே சிரித்தாள். அவர் போய் பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கிய பிளக்கைத் தூக்கிக் காட்டினார். மணி பதினொன்று இருபத்தைந்து.

மூன்றாவது தடவைக்கு அவள் டிரம்மைத் திரும்ப ஓடவிட்டாள். டிரம் எட்டு அடி நடந்தது. அவள் தலையை ஆட்ட, அவர் மூன்று கிளிப்பையும் சொருக, ஏணி போர்வைக்கடியிலிருந்து கிளம்பியது. மேலே, கீழே, மேலே. அவள் திருகை ஒரு மயிரளவு திருப்பினாள். இரண்டாவது மாற்றத்துக்கு அவள் தலையை ஆட்டும்போது அவர் விரல்கள் ஏற்கெனவே கிளிப்பின் மேல் இருந்தன. நாலாவதற்கு அவர் அவளைப் பார்க்கவே இல்லை. அவளும் தலையை ஆட்ட மறந்துவிட்டாள். சரியான அடியில் மாற்றினார். நெல்லா ஓரக்கண்ணால் பார்த்தாள். முகம் அசையவில்லை. கார் அச்சுகள் செய்கிற ஆலையில் முப்பது வருஷம் அழுத்து இயந்திரத்துக்கு முன்னால் நின்ற முகம். அதில் எதையும் படிக்க முடியாது. காலைப் பார்க்கலாம் என்றால் மேஜை மறைத்தது.

கடைசிக் கிளிப்பை அவர் எடுத்ததும் ஏணி நின்றது. டிரம் நாலு அடி தனியாக நடந்து அதுவும் நின்றது. ஐந்தரை நிமிஷம். மணி பதினொன்று முப்பத்தெட்டு.

"ஆச்சா?" என்று கிசுகிசுத்தார் வெண்டெல்.

"இரு. இந்தத் தடவ மெஷின நிறுத்திட்டுப் பாக்கறேன்." அவள் சிந்தசைசரை அணைத்தாள். அதன் சிவப்பு விளக்கு அணைவதைக் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டாள். சாம்பல் வயரைக்கூடப் பிடுங்கிவிட்டாள். பிறகு கணினியில், ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டாள்.

செத்துப்போன இயந்திரத்துக்குப் பக்கத்தில், கணினியின் சின்ன ஸ்பீக்கரில், ஏணி ஏறியது. ஆர்கன் இல்லை, சவ ஊர்வலம் இல்லை. மங்கலாகத் தொடங்கி, அவசரமில்லாமல், ஒவ்வொரு படியாகத் துலங்கி வந்தது. டிரம் அதற்குக் கீழே ஐம்பத்திரண்டு உந்தலுக்குக் கணக்காக நடந்தது. நெல்லா கீனனுக்கு அனுப்ப எல்லாவற்றையும் தயார் பண்ணினாள். இனி ஒரே ஒரு பொத்தான். விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

வெண்டெல் கொடியின் கீழே நின்று, சரிந்த கால்சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துத் துணிக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நூத்தம்பது பேருக்கு முன்னாடி நீ குனியறதப் பாக்க என்னால ஆகாது" என்றாள். "டிராய் சின்னப் பையன், தாங்கிக்கிட்டான். குனியப் போறேன்னா இப்பவே சொல்லிடு. நான் இத அனுப்பல. கீனன்கிட்ட கரண்ட்டு போச்சுன்னு சொல்லிக்கறேன். நமக்குள்ள ஒண்ணும் கெட்டுப்போகல. சொல்லு வெண்டெல், அனுப்பட்டுமா?"

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது மாற்றம் வந்தது, கிளிப் தெறித்த இடம். இப்போது தெறிக்கவில்லை. படி மாறி, ஏணி பக்கத்து ஜன்னலுக்குச் சாய்ந்தது.

வெண்டெல் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். வீட்டில் அவர் போடுவது பழைய ஆலை பூட்ஸ். வலது பூட்ஸின் லேஸ் அவிழ்ந்து, ஒரு முழ நீளத்துக்குச் சிமென்ட் தரையில் கிடந்தது.

"லேஸ் அவுந்திருக்கு" என்றாள் நெல்லா. "தடுக்கிவிழப் போற."

அவர் குனிந்து பார்க்கவில்லை. தலையை மட்டும் சாய்த்து லேஸைப் பார்த்தார். ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பக்கத்திலேயே இஸ்திரிப் பலகை இருந்தது, கூடையை அதில் வைக்கலாம். டிரையர் மேலும் இடம் இருந்தது. பிறகு, பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்க, குனியாமலேயே கூடையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மரப்படிகளில் ஏறிப் போனார். லேஸின் தகர நுனி ஒவ்வொரு படியிலும் டிக், டிக் என்று தட்டிக்கொண்டே அவர் பின்னால் போயிற்று.